கொழும்பு பக்கம், பாம்பன் தூரம்

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 280 கிலோமீட்டர். பாம்பன் 130 கிலோமீட்டர்தான், பாதிகூட இல்லை. பாய் விரித்து ஓடிய தோணிகளின் காலத்தில் இந்தத் தூரக் கணக்கை நம்பிய தண்டல் (தோணியின் தலைவர்) யாரும் இருந்திருக்க முடியாது. நிலமே கண்ணில் படாத கடலைக் குறுக்கே வெட்டிக் கொழும்புக்குப் போவது, பலத்த காற்றிலும் நடக்கக்கூடிய காரியம். கரையைப் பார்த்துக்கொண்டே போய், பாம்பன் வாயில் நுழைந்து, பாக் விரிகுடாவுக்குள் ஏறுவதுதான் பாடு. பொறி இல்லாத மரக்கலத்துக்குக் கெட்ட வானிலையில் ஆழ்கடலைவிட ஒடுங்கிய நீர் ஏன் பகையாகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

ஒரு தாளில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் வரைந்துகொள்ளுங்கள். தூத்துக்குடிக்கு நேர் தென்கிழக்கில் கொழும்பு. ஆண்டின் இரண்டு பெருங்காற்றுகளில் ஒன்று தென்மேற்கிலிருந்தும் மற்றது வடகிழக்கிலிருந்தும் வருகிறது. காற்றின் கோடும் பயணத்தின் கோடும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. அதாவது போகும்போதும் திரும்பும்போதும், இரண்டு பருவத்திலும், தோணிக்குக் காற்று விலாவில் அடிக்கிறது. பாய்க்கலத்துக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது கலம் வேகமெடுக்க எடுக்க, அது உணரும் காற்று குறைந்துகொண்டே போகும். விலாவில் வரும் காற்று அப்படியல்ல. வளைந்து நிற்கும் பாய் விமானத்தின் இறக்கை செய்யும் வேலையைச் செய்கிறது: ஒரு பக்கம் அழுத்தம் கூடி, மறுபக்கம் குறைந்து, இழுவிசை முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் பிறக்கிறது. பக்கவாட்டு விசையை நீருக்குள் இருக்கும் அடிமரமும் உடலும் தடுத்துக்கொள்ள, மிச்சம் கலத்தை முன்னே இழுக்கிறது. தூத்துக்குடி–கொழும்பு வணிகம் இத்தனை காலம் நீடித்ததற்கு உப்பு, வெங்காயம், துணி என்று வணிகக் காரணங்களை அடுக்குவார்கள். வரைபடத்தில் இருக்கும் இந்தச் செங்கோணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது பாம்பனைப் பாருங்கள். அது தூத்துக்குடிக்குக் கிழக்கு–வடகிழக்கில் இருக்கிறது. காற்றின் கோட்டோடு ஏறக்குறைய ஒட்டியே பயணத்தின் கோடும் போகிறது. ஒரு பருவத்தில் காற்று முதுகில், மறுபருவத்தில் முகத்தில். முகத்தில் அடிக்கும் காற்றுக்குள் எந்தப் பாய்க்கலமும் நேராகப் போக முடியாது. இடது சாய்வாகக் கொஞ்சம், பிறகு பாய் மாற்றி வலது சாய்வாகக் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்பட வேண்டாம். காற்று வரும் திசைக்கு 60 பாகைக் கோணத்தில் ஒரு தோணி ஓட முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்த்திசையில் ஒரு கிலோமீட்டர் முன்னேற அது ஓட வேண்டியது இரண்டு கிலோமீட்டர். சரி, பொறுத்துக்கொள்ளலாம். வானிலை கெடும்போது நடப்பது வேறு. காற்று கூடுவதால் பாயைச் சுருக்க வேண்டும். அலை அணியத்தில் (முன்முனையில்) மோதி வேகத்தை உண்கிறது. வேகம் குறைந்தால் அடிமரத்தின் பிடிப்பும் குறையும். கலம் பக்கவாட்டில் நழுவத் தொடங்கும். நழுவல் 10 பாகை என்றால் உண்மையான கோணம் 70. இப்போது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும். நழுவல் 20 பாகையானால், ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் தோணி ஓடிக்கொண்டிருந்தாலும் காற்றை எதிர்த்து முன்னேறுவது மணிக்கு 1.2 கிலோமீட்டர்தான். எதிரே மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் வந்தால்? பாய் புடைத்திருக்கும், அணியத்தில் நுரை பறக்கும், தோணி பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

நடுக்கடலில் இது வெறும் நேர விரயம். பின்னால் தள்ளப்பட்டால் தள்ளப்படட்டும், காற்று மாறியதும் விட்ட இடத்தைப் பிடிக்கலாம். ஒடுங்கிய நீரில் பின்னால் போவதற்கு இடம் இல்லை, பக்கவாட்டில் நழுவுவதற்கும் இல்லை. ஆகவே பாய்க்கலத்தைப் பொறுத்தவரை காற்று எவ்வளவு வேகம் என்பது இரண்டாவது கேள்வி. காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

தூத்துக்குடிக் கரைக்கே இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். கரை கிழக்கு நோக்கி இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நிலத்தைத் தாண்டி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்களில் நெருக்கப்பட்டு வேகம் பிடித்து, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் தூத்துக்குடிப் பக்கத்தில் நிறுவப்பட்டது இந்தக் காற்றை நம்பித்தான். இதே காற்று கரையோரக் கடலில் அலையெழுப்பத் திணறுகிறது. அலை வளரக் காற்று மட்டும் போதாது, காற்று ஓடுவதற்கு நீண்ட நீர்ப்பரப்பும் வேண்டும். கரையிலிருந்து கிளம்பும் காற்றுக்கு முதல் சில கிலோமீட்டரில் அந்த ஓடுதளம் கிடைப்பதில்லை. தவிர, நங்கூரம் பிடி விட்டாலும் தோணி போவது திறந்த கடலை நோக்கி.

ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குப் பருவத்தின் வாடையும் கொண்டலும் வந்ததும் எல்லாம் தலைகீழ். கச்சானைவிட வாடை மெதுவாகவே வீசலாம். ஆனால் காற்று தள்ளும் பக்கத்தில் இருப்பது கரை. பழைய துறைமுகம் ஆழமற்றது. கப்பல்கள் பல மைல் தள்ளி நிற்க, சரக்கையும் ஆட்களையும் தோணிகள்தான் ஏற்றி இறக்கின. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ‘கலியா’, ‘லாவோ’ கப்பல்களின் கதையைப் படிக்கும்போது, கரைக்கும் கப்பலுக்கும் நடுவிலிருந்த இந்த நீர்ப்பட்டையை நாம் மறந்துவிடுகிறோம். வாடைக் காலத்தில் கொழும்புப் பயணத்தைவிட இந்தச் சில மைல்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஆழ்கடல் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, அலைத்தடுப்புச் சுவர்களுக்குள் கப்பல்கள் வந்து கட்டிய பிறகுதான் பெரிய கலங்களுக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆழமற்ற நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீளமான அலை கரையை நெருங்கும்போது அதன் வேகத்தை நிர்ணயிப்பது ஆழம்தான். பத்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அலை, இரண்டு மீட்டர் ஆழத்தில் 16 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். முன்னே போகும் அலை தயங்க, பின்னே வருவது நெருங்க, இடைவெளி குறுகி ஒவ்வோர் அலையும் செங்குத்தாக எழும். அலையின் உயரம் ஆழத்தில் ஐந்தில் நான்கு பங்கை எட்டும்போது தலை கவிழ்ந்து உடையும். கடலோடிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பது தரை தட்டுமோ என்பதற்காக மட்டுமல்ல, அலை எங்கே உடையும் என்பதற்காகவும்தான். பாகக் கணக்கில் அளந்தார்கள். இரு கை விரித்தால் ஒரு பாகம், ஏறத்தாழ 1.8 மீட்டர். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் மணலா, சேறா, பாரா (பாறையா) என்றும் தெரிந்துவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாத மழைநாளில், நிற்கும் இடத்தைச் சொல்வது அந்தக் கொழுப்பில் ஒட்டி வரும் மண்தான்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். நங்கூரத்தின் கொழு மண்ணுக்குள் இறங்க, கயிறு தரையோடு படுத்தவாக்கில் இழுக்க வேண்டும். அதற்கு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்தில் இருபது மீட்டர் கயிறு போதும், முப்பது மீட்டர் ஆழத்தில் இருநூறு வேண்டும். ஆனால் காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் தாங்கிய கயிறு, 60இல் நான்கு மடங்கையும் 90இல் ஒன்பது மடங்கையும் தாங்க வேண்டும். கயிற்றை நீட்டிவிட்டால் பிடி இறுகும், தோணி வீசி ஆடும் வட்டமும் பெரிதாகும். குறுகிய வாய்க்காலில் அந்த வட்டத்துக்கு இடம் ஏது?

இத்தனை தொல்லைக்கும் நடுவே இந்தக் கரையில் ஒரு தொழில் காற்றின் கால அட்டவணையை அப்படியே தன் அட்டவணையாக எடுத்துக்கொண்டது. முத்துக்குளிப்பு பொதுவாக மார்ச் முதல் மே வரை. வாடை ஓய்ந்து, கச்சான் பலக்காத இடைவெளி அது. பெருங்காற்று இரண்டும் இல்லாதபோது, தரையும் கடலும் மாறிமாறிச் சூடாவதால் பிறக்கும் சிறுகாற்று ஆட்சிக்கு வருகிறது. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து காற்று கரையிலிருந்து கடலுக்கு ஓடும். பகலில் தரை கொதித்துக் கடலிலிருந்து கரைக்கு ஓடும். சலாபப் (முத்துக்குளிப்பு) படகுகள் இரவின் தரைக்காற்றில் சிப்பிப் பார்களுக்குப் போய், பகலெல்லாம் பத்துப் பாகம் வரையிலான ஆழத்தில் சிப்பி எடுத்து, பிற்பகல் கடற்காற்றில் திரும்பின. ஒரே பாயில் போகவும் வரவும் காற்றே வந்து அழைத்துப்போகும் ஏற்பாடு. கடல் கலங்காமல் அடிமண் தெரிவதும் இந்த மாதங்களில்தான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன்பின் பார்களில் சிப்பி சேரவில்லை. 1973இல் முத்தைச் செயற்கையாக வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி இங்கேயே செய்துகாட்டினார். அதற்குப் பாய் தேவைப்படவில்லை.

பாம்பனுக்கு வருவோம். அங்கே காற்றைவிட விந்தையான ஒன்று காத்திருக்கிறது: கடல் சரிந்து நிற்கிறது. தட்டில் இருக்கும் தண்ணீரை ஒரு பக்கமிருந்து ஊதினால் மறுபக்கம் ஏறுமே, அதேதான். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் ஒன்பது மீட்டர் அளவுதான். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில், காற்று நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு இடைவிடாமல் வீசினால், இவ்வளவு ஆழமற்ற நீரின் இரு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் மட்டவேறுபாடு வரலாம் என்று எளிய கணக்கு சொல்கிறது. மன்னார் வளைகுடா தெற்கே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குவதால், அதே காற்றுக்கு அங்கே ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது. நீர் ஆழமாயிருந்தால் மேலே தள்ளப்படுவது கீழ்வழியாகத் திரும்பிவிடும்.

விளைவு இதுதான். தென்மேற்குப் பருவத்தில் பாக் விரிகுடாவின் நீர் வடகிழக்காகத் தள்ளப்பட்டு, பாம்பன் முனையில் மட்டம் தாழ்கிறது. வளைகுடா நீர் அந்தப் பள்ளத்தை நோக்கி வடக்கே பாய்கிறது. வடகிழக்குப் பருவத்தில் விரிகுடாவின் நீர் பாம்பன் பக்கம் குவிந்து, தெற்கே கொட்டுகிறது. இரு கடல்களுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் வேறுபாடு போதும், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேக நீவாடு (நீரோட்டம்) பிறக்க. நடந்து போகிறவனின் வேகம்தான். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்: எதிர்காற்றில் தோணியின் நிகர முன்னேற்றம் 1.2 கிலோமீட்டர்.

காற்றும் நீவாடும் ஒரே பக்கம் போவதால் எதிர்த்துப் போவது முடியாது. கூடவே போவதாவது சுலபமா? 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு இடைவெளி 225 அடி, அதாவது ஏறத்தாழ 69 மீட்டர். பாய் மாற்றித் திரும்ப அந்த அகலம் ஒரு பெரிய தோணிக்குப் போதாது. நேராக விட வேண்டும், ஒரே முறைதான். சுக்கான் வேலை செய்ய, கலத்தைச் சுற்றியுள்ள நீரைவிடக் கலம் வேகமாக அல்லது மெதுவாக ஓட வேண்டும். நீரோடு நீராக மிதந்து போகும் கலத்தில் சுக்கானை எப்படித் திருப்பினாலும் அது கேட்காது. எனவே நல்ல காற்று பின்னால் இருக்கும்போது நுழைவது பாதுகாப்பு. நுழைந்தபின் காற்று செத்துவிட்டால்தான் வினை. நீவாடு மட்டும் ஓடும், தூண்கள் நெருங்கும், கையிலிருப்பது பயனற்ற சுக்கான். பாம்பனில் பலத்த காற்றைவிடக் காற்று ஓய்வது அஞ்சத்தக்கது என்பது முதலில் கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். ஆர்தர் காட்டன், காவிரிக்கும் கோதாவரிக்கும் அணைகட்டும் முன், இளைஞராக 1822இல் இந்தப் பாம்பன் வழியை அளக்கும் பணியில்தான் இருந்தார். பாறையை உடைத்து வழியை ஆழப்படுத்தும் வேலை பின்னர் நடந்தது. பாறையை உடைக்கலாம், சரிவை உடைக்க முடியாது.

உண்மையான உள்நாட்டுக் கால்வாயில் கதை இத்தனை கடுமையானதல்ல. பசில் காக்ரேன் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கி, 1877–78 பஞ்ச நிவாரண வேலையில் இணைப்பு முடிந்து, பக்கிங்காம் பெயரைப் பெற்ற கால்வாயிலும் பாய்ப்படகுகள் ஓடின. அங்கே காற்று எதிர்த்தால் பாயை இறக்கிவிட்டுக் கழி ஊன்றலாம். இல்லையா, கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுக்கலாம். திடீர்க் காற்று படகைக் கரையில் ஏற்றிவிட்டால் மோதுவது சேற்றில். பாம்பனில் மோதுவது பாறையில். கடலோடு சேர்ந்த கால்வாய்க்கும் உள்நாட்டுக் கால்வாய்க்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த அடிமண்தான்.

புயலின்போது இதே முதல் கேள்வி இன்னொரு உருவில் வருகிறது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைச் செய்தியில் கேட்கும்போது, எண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 5, 6, 7 ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தைச் சொல்பவை. அவை வேறுபடுவது பக்கத்தில். புயல் போகும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ அருகிலேயோ கடந்தால் 7. இதையே கடும்புயலுக்கு 8, 9, 10 சொல்கின்றன. நம் பக்க உலகில் புயல்காற்று கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி வந்து கிழக்குக் கரையைக் கடக்கும் புயலுக்கு வலப்புறம் என்பது வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்து நீரைக் குவிக்கும். இடப்புறமான தெற்கில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், நீர் உள்வாங்கும். நங்கூரத்தில் நிற்கும் தோணிக்கு 5க்கும் 6க்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிடி விட்டால் போகும் இடம் திறந்த கடலா, கரையா என்பதை எண் சொல்லிவிடுகிறது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து பாக் நீரிணையின் ஆழமற்ற நீருக்கு வந்தது. ஆழமற்ற நீர் காற்றில் எவ்வளவு ஏறும் என்பதை மேலே பார்த்தோம். வேகம் இரட்டித்தால் ஏற்றம் நான்கு மடங்கு, அதன்மேல் அலை. பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் அந்த நீரில் போயிற்று. பாலத்தின் இடைக்கண்கள் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட, தூக்குப் பகுதி நின்றது. இ. ஸ்ரீதரன் தலைமையிலான அணி 46 நாளில் பாலத்தை மீட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. பழைய பாலத்தின் நடுவே காற்றுமானி வைத்து, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும்படி இணைத்திருந்தார்கள். ரயிலும் ஒருவகையில் தண்டலின் விதிக்குள் வந்துவிட்டது: காற்று சரியில்லையா, காத்திரு.

இன்று தோணிகளுக்குப் பொறி வந்துவிட்டது. முந்நூறு டன் அளவு சரக்கேற்றும் மரத்தோணிகள் தூத்துக்குடியிலிருந்து இன்னும் போகின்றன, கடல் பலக்கும் மாதங்களில் நிறுத்திவைக்கவும்படுகின்றன. அந்த உலகத்தின் பேச்சும் கலைச்சொற்களும் ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. எதிர்காற்றுக் கணக்கைப் பொறி அழித்துவிட்டது உண்மை. பொறி நின்றுபோனால் அதே கணக்கு திரும்பி வரும், இம்முறை பாயும் இல்லாமல். சேதுக் கால்வாய்த் திட்டம் 2005இல் 12 மீட்டர் ஆழம், 300 மீட்டர் அகலம் என்று தொடங்கப்பட்டபோது விவாதம் மதம், சூழல், லாபம் என்று போயிற்று. ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் நீவாடு அள்ளி வரும் மணலை ஆண்டுதோறும் யார் வாருவது என்ற கேள்வி கிடைக்க வேண்டிய அளவு இடம் பெறவில்லை என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, ஒதுங்கும் இடங்கள். தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை வரிசையாக அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் இந்தக் கரையின் இயற்கையான அலைத்தடுப்புச் சுவர். பவளத்திட்டுகள் வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தின்றுவிடுகின்றன என்று, பல கடல்களின் அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தீவின் மறைவில் அரைப் பாகம் ஆழம் கூடுதலாய்க் கிடைத்தால் ஒரு தோணி வாடையைக் கழித்துவிடலாம். அந்தப் பவளத்தைச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்தது. அதற்குள் அந்த 21இல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவும் சுருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வெளியே, ஐஐடி மெட்ராஸின் வடிவமைப்பில், துளைகள் விட்ட கான்கிரீட் கட்டிகளை 2015 முதல் இறக்கினார்கள். அலை கட்டிகளின் மேல் உடைந்து, துளைகள் வழியே தளர்ந்து உள்ளே வர, தீவுப் பக்கம் மணல் தங்கத் தொடங்கியது. கட்டிகளின் மேல் பவளக்குஞ்சுகளும் ஒட்டியிருக்கின்றன.